கடவுளின் பெயரால் ஒரு கதவடைப்பு



முதலாளி வாயிலைப் பூட்டித் தொழிலாளியை வெளியே நிறுத்தினால் அதைக் கதவடைப்பு என்கிறோம். அந்தச் சொல் நமக்குப் புதிதன்று. ஆனால் ஓர் அரசியல் கட்சியே தன் வாயிலைப் பூட்டி, நாட்டு மக்களில் சரிபாதியினரை வெளியே நிறுத்திய கதை நம்மில் பலருக்குப் புதிதாக இருக்கலாம். பூட்டியவர்கள் லாபத்துக்காகப் பூட்டவில்லை. கடவுளின் கட்டளை என்று சொல்லிப் பூட்டினார்கள். 1918 முதல் 2013 வரை, 95 ஆண்டுகள் அந்தப் பூட்டுத் தொங்கியது.

ஹாலந்து தேசத்துக் கட்சியைப் பற்றித் தோட்டத் தொழிலாளர் பத்திரிகையில் என்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. அண்மையில் ஒரு கிளைக் கூட்டத்தில் கமிட்டிக்கு ஆள் தெரிந்தெடுக்கும் கட்டம் வந்தது. இருபது வருஷம் பால்வெட்டிய ஓர் அம்மாளின் பெயரை ஒருவர் முன்மொழிந்தார். உடனே ஒரு பெரியவர் எழுந்தார். "பொம்பளைகளை மேசைக்கு முன்னால் உட்கார வைப்பதா அவர்களுக்கு மரியாதை? அவர்கள் வீட்டு விளக்கு. நிர்வாகத் தொல்லை ஆம்பிளைகளோடு போகட்டும்" என்றார். கூட்டம் சிரித்தது. வழிமொழிய ஆள் இல்லை. அந்த அம்மாள் முந்தானையைச் சரி செய்துகொண்டு பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பெரியவர் கெட்டவரல்லர். சங்கத்துக்காகப் பல தொல்லைகள் பட்டவர். ஹாலந்தை அவர் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் அவர் சொன்ன அதே வாதத்தைத்தான் அங்கே ஒரு கட்சி தன் கொள்கைப் பத்திரத்தில் எழுதி வைத்துக்கொண்டு நூறு ஆண்டு அரசியல் நடத்தியிருக்கிறது. அந்த வாதம் எங்கே போய் முடிந்தது என்பதை அறிந்துகொண்டால், நம் வீட்டிலும் விளக்கம் கிடைக்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நமக்கு எந்த மதத்தோடும் வழக்கில்லை. நம் தோட்டங்களில் மாரியம்மன் கோயிலும் உண்டு, மாதா கோயிலும் உண்டு, சூராவும் உண்டு. நம் சங்கச் சந்தாப் புத்தகத்தில் முனியாண்டிக்குப் பக்கத்தில் அந்தோணியும், அவருக்குப் பக்கத்தில் காதரும் கையெழுத்திடுகிறார்கள். வேதத்துக்கு உரை எழுதுவது நம் வேலையன்று. வேதத்தைக் காட்டிச் சட்டம் இயற்ற வருகிறவர்களிடம் கணக்குக் கேட்பதுதான் நம் வேலை.

அந்தக் கட்சியின் பெயரைத் தமிழில் 'அரசியல் சீர்திருத்த சபைக் கட்சி' எனலாம். எஸ்.ஜி.பி. என்ற மூன்றெழுத்தால் அந்நாட்டார் அழைக்கிறார்கள். 1918-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஜீலாந்து மாகாணத்து மிடல்பர்க் நகரில் அது தோன்றியது. அதன் தலைவராக நின்றவர் போதகர் கெரிட் ஹென்ட்ரிக் கெர்ஸ்டன். தேவ வசனமே ராஜ்யத்தின் சட்டமாக வேண்டும் என்பது அதன் அடிப்படை. 1561-ம் ஆண்டின் பழைய விசுவாச அறிக்கையில் 36-வது பிரிவு என்று ஒன்று உண்டு. பொய்யான வழிபாட்டை அகற்றுவது ஆள்வோரின் கடமை என்று அது கூறுகிறது. மற்றொரு பெரிய சீர்திருத்த சபை 1905-ல் அந்த வாசகத்தை நீக்கிவிட்டது. எஸ்.ஜி.பி.யோ ஓர் எழுத்தும் குறையாமல் அது வேண்டும் என்று நின்றது.

சின்னக் கட்சிதான். 1925 முதல் கீழ்ச்சபையில் அதற்கு இரண்டு அல்லது மூன்று இடங்களே கிடைத்து வந்திருக்கின்றன. சபையின் மொத்த இடங்கள் 1956 வரை 100, அதன் பிறகு 150. ஆனால் சின்னது என்று தள்ளிவிட முடியாது. போப்பாண்டவரிடம் ஹாலந்து ஒரு தூதரை வைத்திருப்பது கெர்ஸ்டனுக்குப் பிடிக்கவில்லை. 1925 நவம்பரில் அந்தத் தூதரகத்துக்கான பணத்தை வெட்ட வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். திருத்தம் வென்றது. கத்தோலிக்க மந்திரிகள் நால்வர் ராஜினாமாச் செய்தார்கள். மந்திரிசபையே கவிழ்ந்தது. 'கெர்ஸ்டனின் இரவு' என்று அதை இன்றும் சொல்கிறார்கள். அதே போல் 2011-ல் மேல்சபையின் 75 இடங்களில் சர்க்காருக்கும் அதை ஆதரித்த கட்சிக்குமாக 37 இடங்களே இருந்தன. எஸ்.ஜி.பி.யின் ஒரே ஒரு அங்கத்தினர் கை தூக்கினால்தான் பெரும்பான்மை. 1,800 கோடி யூரோ செலவைக் குறைக்கப் போவதாக அறிவித்துப் பதவிக்கு வந்த சர்க்கார் அது. தராசின் முள்ளில் உட்கார்ந்த ஈயைப் போல ஒரு சின்னக் கட்சி ஒரு தேசத்தின் எடையையே சாய்க்க முடியும்.

இனி அதன் வேலைத்திட்டத்தைப் பார்ப்போம். நியாயமாகவே பார்ப்போம்.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாளாக இருக்க வேண்டும் என்பதில் அக்கட்சி அசையவில்லை. கடைகளைத் திறக்கலாகாது, விளையாட்டுப் போட்டி கூடாது என்று வாதாடி வந்திருக்கிறது. தன் இணையதளத்தைக்கூட ஞாயிறன்று மூடி வைக்கிறது. சூதாட்டத்தை எதிர்க்கிறது. கருக்கலைப்பையும் கருணைக் கொலையையும் எதிர்க்கிறது. ஓட்டுக்காகக் கொள்கையை மாற்றிக்கொண்ட கட்சி என்று அதன் எதிரிகளும் சொல்வதில்லை. தேர்தல் முடிந்த மறுநாளே கட்சி தாவுகிறவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, அந்தப் பிடிவாதத்தின் பேரில் ஒரு மதிப்பு ஏற்படுவதும் இயற்கையே.

ஓய்வு நாளைப் பற்றி நாமும் பேசியிருக்கிறோம். 1955-ம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் வாரத்தில் ஒரு நாள் ஓய்வைத் தொழிலாளிக்குச் சட்டபூர்வமாக்கியது. 2013 முதல் ஹாலந்தில் ஞாயிற்றுக்கிழமைக் கடை திறப்பை ஒவ்வொரு நகராட்சியும் தன் விருப்பப்படி முடிவு செய்யலாம் என்றாகிவிட்டது. கடைச் சிப்பந்தியின் ஞாயிறு பறிபோனதை எண்ணி அக்கட்சி வருந்தினால், அந்த ஒரு வருத்தத்தில் நாமும் பங்கு கொள்வோம். ஆனால் வேற்றுமையைப் பாருங்கள். அக்கட்சி முதலாவதாகக் கேட்பது கடவுளுக்குரிய நாள். நாம் கேட்பது தொழிலாளிக்குரிய நாள். முதலாவது, கோயிலுக்குப் போகாதவனையும் சட்டத்தால் கட்டுகிறது. இரண்டாவது, கோயிலுக்குப் போகிறவனுக்கும் போகாதவனுக்கும் முதுகு நிமிர நேரம் கொடுக்கிறது.

அடுத்தது இன்ஷ்யூரன்ஸ். சர்க்கார் கட்டாயமாக்கும் இன்ஷ்யூரன்ஸ், கடவுளின் பராமரிப்பின் பேரில் நம்பிக்கையின்மை என்று கெர்ஸ்டன் காலத்துக் கட்சி போதித்தது. நோயும் விபத்தும் அவன் சித்தம்; உதவி குடும்பத்திலிருந்தும் சபையிலிருந்தும் வர வேண்டும்; சர்க்காரிடமிருந்து அன்று. காலப்போக்கில் இந்தக் குரல் தணிந்துவிட்டது. ஆயினும் மனச்சாட்சி காரணமாக இன்ஷ்யூரன்ஸில் சேர மறுப்பவர்களுக்கு அந்நாட்டுச் சட்டம் இன்றும் வழி வைத்திருக்கிறது. சந்தாவுக்குப் பதிலாக அவர்கள் வரி கட்டுகிறார்கள்.

தோழர்களே, விடியற்காலை இருட்டில் நெற்றி விளக்கோடு நிரைக்குள் போகிறவனைப் பாம்பு தீண்டினால், அவன் வீட்டில் அடுப்பு எரிவது எதனால்? சபை வசூலாலா? அந்தக் காலத்தில் லயத்தில் தொப்பி ஏந்தித்தான் வசூலித்தோம். பத்து வீட்டுக் காசு சேர்ந்தாலும் பத்து நாள் அரிசிக்குக் காணாது. கொடுத்தவனும் ஏழை, வாங்கினவனும் ஏழை. 1951-ல் சேமநிதியும், 1969-ம் ஆண்டுச் சட்டத்தால் சொக்சோவும் வந்த பிறகுதான் விபத்துக்குள்ளானவன் பிச்சை கேட்காமல் உரிமை கேட்கலானான். தருமம் நல்லது. ஆனால் தருமம் வாங்குகிறவன் தலை குனிய வேண்டும். உரிமை பெறுகிறவன் தலை நிமிர்ந்து கையெழுத்துப் போடுவான்.

இதை மதத்துக்கு விரோதமாகச் சொல்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். அதே ஹாலந்தில், அதே வேதத்தைப் படித்த இன்னொரு போதகர் இருந்தார். சிப் தால்மா என்பது அவர் பெயர். கெர்ஸ்டனின் கட்சி பிறப்பதற்கு முன்பே, 1908 முதல் 1913 வரை மந்திரியாக இருந்தவர். 1913-ல் நோய்க்கும் உடல் ஊனத்துக்கும் இன்ஷ்யூரன்ஸ் சட்டங்களைக் கொண்டுவந்தவர் அவர்தான். 1909-ல் அங்கே கிறிஸ்தவத் தொழிற்சங்க சம்மேளனமும் தோன்றிவிட்டது. வேதம் ஒன்று, போதகர் இருவர். ஒருவர் அதில் தொழிலாளிக்குப் பாதுகாப்பைக் கண்டார். மற்றவர் அதில் பாதுகாப்புக்குத் தடையைக் கண்டார். ஆகவே, 'வேதம் சொல்கிறது' என்று யாராவது மேடையில் முழங்கினால், 'வேதம் சொல்கிறதா, ஐயா சொல்கிறீரா?' என்று கேட்கும் உரிமை விசுவாசிக்கும் உண்டு.

மூன்றாவது, அதிகாரத்துக்குப் பணிதல். ஆள்வோர் கடவுளால் நியமிக்கப்பட்டவர்கள் என்ற போதனை அக்கட்சியின் முதுகெலும்பு. 1940-ல் ஹிட்லரின் சேனை ஹாலந்தைப் பிடித்தது. அது தேசத்தின் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று கெர்ஸ்டன் போதித்தார். எதிர்த்து நில்லுங்கள் என்று சொல்லவில்லை. யுத்தம் முடிந்ததும், 1945-ல், அவருடைய நடத்தையை விசாரித்தவர்கள் அவர் பார்லிமெண்டுக்குத் திரும்பலாகாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். 1949-ல் இந்தோனேசியாவுக்கு ஆட்சியை ஒப்படைக்கும் மசோதா வந்தபோது, அக்கட்சி எதிர்த்தே வாக்களித்தது. மலாக்கா ஜலசந்திக்கு அக்கரையில் டச்சுத் தோட்டங்களில் 1880-ம் ஆண்டின் கூலிச் சட்டத்தின் கீழ், ஒப்பந்தத்தை மீறினான் என்று சொல்லித் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பிய ஆட்சி அது. அந்த ஆட்சியை விட்டுக் கொடுப்பதற்கும் மனம் வரவில்லை.

'மேலே இருப்பவன் சொன்னால் கீழே இருப்பவன் கேட்க வேண்டும்' என்ற பாடத்தை நாம் வேதத்தில் படிக்கவில்லை, பெரட்டில் படித்தோம். துரை, பெரிய கிராணி, தண்டல், கங்காணி என்று படிக்கட்டு வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பாடத்தை மறந்த நாளில்தான் சங்கம் பிறந்தது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கதவடைப்புக்கு வருவோம்.

ஹாலந்தில் 1917-ல் பெண்கள் தேர்தலில் நிற்கும் உரிமையையும், 1919-ல் வாக்களிக்கும் உரிமையையும் பெற்றார்கள். எஸ்.ஜி.பி. பெண்ணுக்கு வாக்கே ஆகாது என்றது. வேடிக்கை என்னவென்றால், பெண்கள் முதன்முதலாக வாக்களித்த 1922-ம் ஆண்டு பொதுத் தேர்தலில்தான் கெர்ஸ்டன் முதன்முதலாகப் பார்லிமெண்டுக்குள் நுழைந்தார். வாக்கு விஷயத்தில் கட்சி பின்னால் இறங்கி வந்தது. பதவி விஷயத்தில் இறங்கவில்லை. ஆளும் பொறுப்பு பெண்ணின் அழைப்புக்கு முரணானது என்று கொள்கை வைத்துக்கொண்டது. 2006 வரை அவர்களால் முழு அங்கத்தினராகக்கூட ஆக முடியவில்லை.

பெண்களுக்கு எதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கை 1979-ல் வந்தது. ஹாலந்து 1991-ல் அதை ஏற்றது. கிளாரா விச்மன் பெயரால் அமைந்த வழக்கு நிதியும் வேறு ஸ்தாபனங்களும் அந்த உடன்படிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு சர்க்காரின் பேரில் வழக்குப் போட்டன. பெண்களை ஒதுக்கும் கட்சிக்குச் சர்க்கார் மானியம் கொடுப்பது சட்ட விரோதம் என்று 2005-ல் ஹேக் நகர நீதிமன்றம் கூறிற்று. மானியம் நின்றது. மறு ஆண்டே அங்கத்தினர் கதவு திறந்தது! அரை நூற்றாண்டுக்கு மேல் வேதத்தில் கிடைக்காத விளக்கம், கஜானா மூடிய உடனே கிடைத்துவிட்டது. 2007-ல் வேறொரு மன்றத்தின் தீர்ப்பால் மானியம் மீண்டது; ஆனால் வழக்கு நிற்கவில்லை. வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்கு இடம் மறுப்பதைச் சர்க்கார் சகித்துக்கொண்டிருக்கலாகாது என்று 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்சி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2012 ஜூலையில் அந்த மனு ஏற்கப்படாமல் திரும்பியது. 2013-ல் கட்சி தன் விதியைத் திருத்தியது. 2014 மார்ச்சில் ஃப்ளிஸ்ஸிங்கன் நகராட்சித் தேர்தலில் லிலியன் யான்சே என்ற பெண்மணி அக்கட்சியின் சார்பில் நின்று வென்றார். அக்கட்சியின் முதல் பெண் நகராட்சி அங்கத்தினர் அவர்.

வானம் இடிந்து விழுந்ததா? இல்லை. கட்சி கலைந்ததா? இல்லை. 2023 பொதுத் தேர்தலிலும் அதே மூன்று இடங்கள். ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்ததால் கட்சி இழந்தது எதுவுமில்லை. ஆனால் விதி மாறினாலும் கொள்கைப் பத்திரத்து வாசகத்தை அவர்கள் எடுத்துவிடவில்லை. பூட்டைக் கழற்றினார்கள், 'உள்ளே வராதே' என்ற பலகையை மாட்டியே வைத்திருக்கிறார்கள்.

இங்கே இரண்டு ஆட்சேபங்கள் எழும். இரண்டும் லேசானவை அல்ல.

ஒன்று: 'அந்தக் கட்சிப் பெண்களே பதவி கேட்கவில்லையே! வெளியார் வழக்குப் போட்டது ஏன்?' உண்மைதான், கட்சியை ஆதரித்துப் பேசிய பெண்கள் உண்டு. ஆனால் இந்த வாதம் நமக்குப் பழக்கமானது. 'என் தோட்டத்து ஆட்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள், வெளியார்தான் கிளப்பிவிடுகிறார்கள்' என்று எத்தனை நிர்வாகிகள் சொல்லியிருக்கிறார்கள்! கேட்டவளுக்கு என்ன நேரும் என்று தெரிந்த இடத்தில் கேளாமை சம்மதமாகாது. உரிமை என்பது திறந்திருக்கும் கதவு. நுழைவதும் நுழையாமற் போவதும் அவரவர் இஷ்டம். ஒரு பெண் வீட்டோடு இருக்க விரும்பினால் அவரைத் தேர்தலில் நிற்கச் சொல்லி எந்த நீதிமன்றமும் கட்டளையிடவில்லை.

இரண்டு: 'சர்க்காரும் கோர்ட்டும் ஒரு சங்கத்தின் உள்விதியில் கை வைக்கலாமா? இன்று அந்தக் கட்சிக்கு, நாளை நம் சங்கத்துக்கு!' இந்தக் கேள்வியை நாம் சிரித்துத் தள்ள முடியாது. 1948-ல் அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தைப் பிரிட்டிஷ் சர்க்கார் துப்பாக்கியால் மட்டும் ஒடுக்கவில்லை. பதிவுச் சட்டத்தைத் திருத்தியே இல்லாமற் செய்தது. அதன் தலைவர் கணபதியை 1949-ல் தூக்கிலிட்டது. சட்டம் சங்கத்தின் வீட்டுக்குள் நுழைந்தால் என்னவாகும் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்?

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஹாலந்து நீதிமன்றம் கட்சியைக் கலைக்கவில்லை. அதன் நம்பிக்கையைச் சொல்லவும் எழுதவும் தடை போடவில்லை. எல்லாருக்கும் சட்டம் செய்யும் சபைக்கு ஆள் அனுப்புகிறவன், அந்த எல்லாரிலும் பாதியை வாசலிலேயே நிறுத்தக் கூடாது என்று மட்டும் சொன்னது. பஜனை மடத்துக்கு ஒரு நியாயம், பார்லிமெண்டுக்கு வேறு நியாயம். அதற்கு மேல் நாம் படித்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. தன் வீட்டைத் தானே கூட்டிக்கொள்கிற சங்கத்துக்குள் நுழைய வெளியாருக்குச் சாக்குக் கிடைக்காது. நம் விதிப் புத்தகத்தில் பெண்ணுக்குத் தடை ஏதும் இல்லை. எழுதாத விதிதான் நம்மைத் தடுக்கிறது. எஸ்.ஜி.பி. தன் தடையை எழுதி வைத்தது. அதனால் வழக்குப் போட முடிந்தது. நம் தடை சிரிப்பில் இருக்கிறது. சிரிப்பின் பேரில் எந்தக் கோர்ட்டில் வழக்குப் போடுவது?

செக்ரோல் எழுதும் கிராணிமார் நமக்கு ஒன்று நன்றாகத் தெரியும். ஆண் பெயரும் பெண் பெயரும் ஒரே மையால்தான் எழுதப்படுகின்றன. பால் நிறுக்கும்போது தராசு ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை. மழை வந்து மங்கில் தண்ணீர் ஏறினால் நஷ்டம் இருவருக்கும்தான். ஆனால் 1928-ல் முக்கியமான மாநிலங்களில் தமிழ்த் தொழிலாளருக்குக் கூலி நிர்ணயித்தபோது ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று எழுதினார்கள். அந்தப் பத்துக் காசைப் பறித்தவன் வெள்ளைக்காரத் துரை. அவனைத் திட்டுகிறோம். கமிட்டி நாற்காலியைப் பறிப்பவன் யார்? அவனை என்ன சொல்லப் போகிறோம்?

1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. பெண் தொழிலாளரிடம் மேலே உள்ளவர்கள் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும் என்பதும் அன்றைய கோரிக்கைகளில் ஒன்று. 1943-ல் ஜான்சிராணிப் படை அமைந்தபோது, நம் தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி ஏந்தப் போனார்கள். துப்பாக்கி ஏந்திய கைக்கு ஒரு கூட்டக் குறிப்புப் புத்தகம் பாரமாகிவிடுமா? அடுப்பையும் பிள்ளையையும் பால்வாளியையும் ஒரே காலை வேளையில் நிர்வகிப்பவளுக்கு நிர்வாகம் தெரியாது என்று சொல்ல எப்படி நா எழுகிறது?

ஆகவே நம் கோரிக்கை இதுதான். இதை நிர்வாகத்திடம் கேட்கவில்லை, நம்மிடமே கேட்கிறோம். அடுத்த கிளைத் தேர்தலில் பெண் அங்கத்தினர் பெயரை முன்மொழியுங்கள். ஒருவர் முன்மொழிந்தால் இன்னொருவர் சிரிக்காமல் வழிமொழியுங்கள். மாதர் பகுதி என்று ஒரு மூலையை ஒதுக்கிவிட்டுக் கடமை தீர்ந்தது என்று இருந்துவிட வேண்டாம். கூலிப் பேச்சு நடக்கும் மேசைக்கே வரட்டும். இரவு எட்டு மணிக்குக் கூட்டம் போட்டுவிட்டு, 'பெண்கள் வருவதில்லை' என்று குறை சொல்வதை நிறுத்துங்கள். மாலை நாலரைக்குக் கூட்டம் வையுங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்கொட்டகையைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். அன்று பெயர் சொல்லப்பட்டு வழிமொழிய ஆளில்லாமல் உட்கார்ந்த அந்த அம்மாளின் வீட்டுக்குப் போய், 'இந்த முறை நில்லுங்கள், நாங்கள் இருக்கிறோம்' என்று சொல்லுங்கள். அந்தப் பெரியவரையும் கூட அழைத்துப் போங்கள்.

ஹாலந்துக் கட்சிக்குத் தன் பூட்டைக் கழற்ற 95 ஆண்டும், மூன்று படி நீதிமன்றமும், ஓர் ஐரோப்பிய நீதிமன்றமும் வேண்டியிருந்தன. நமக்கு அத்தனையும் வேண்டாம். ஒரு கூட்டம் போதும். வழிமொழிய ஒரு கை போதும்.